ஐஸ் கட்டியும் ஆற்று உரிமையும்



நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமையன்று எங்கள் தோட்டத்து லயத்திற்கு ஓர் ஐஸ்காரர் வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி இருக்கும். பெட்டியைத் திறந்தால் கோணிச்சாக்கு. சாக்கை விலக்கினால் மரத்தூள். மரத்தூளைத் தட்டிவிட்டால் ஐஸ் கட்டி. அதைச் சீவி, கையால் உருட்டி, சிவப்புச் சீனிப்பாகை ஊற்றிக் கொடுப்பார். அப்போது மரத்தூள் எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை. உருண்டை கைக்கு வந்த பிறகு கேள்வி கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த மரத்தூளுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குள் ஒரு வழக்கும் உண்டு. உறைந்து கிடக்கும் நீர் யாருக்குச் சொந்தம்? ஓர் ஓடையை மறித்து அணை கட்டி, அதில் தேங்கிய நீரை உறையவைத்து விற்க ஒருவருக்கு உரிமை உண்டா? மேலே இருப்பவன் மறித்தால் கீழே இருப்பவன் என்ன செய்வது? ஐஸ் விளையாத நாட்டில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இந்த ஆறு கடைசியில் நம் லயத்துப் பக்கமாகத்தான் வந்து சேரும்.

ஐஸ் கட்டியை இயந்திரத்தில் செய்யக் கற்றுக்கொள்வதற்கு முன், அது பயிரைப் போல அறுவடை செய்யப்பட்டது. அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மார்கழி, தை மாதங்களில் ஏரிகளும் குளங்களும் ஓர் அடிக்கும் மேலாக உறைந்துவிடும். அதை வெட்டி வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் என்ன என்று பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற இளைஞர் நினைத்தார். 1806ஆம் ஆண்டில், தமது 22ஆம் வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதை வைத்துக் காக்கக் கிடங்கு இல்லை. பெரும் நட்டம். கடனுக்காகச் சிறைக்கும் போனார். மனிதர் விடவில்லை. பாஸ்டனுக்கு வடக்கே மர ஆலைகளில் வீணாகக் கொட்டிக் கிடந்த மரத்தூளைக் கட்டிகளுக்கு இடையே அடைத்தால் உருகுவது குறையும் என்பதைக் கண்டுகொண்டார். நமது ஐஸ்காரரின் பெட்டிக்குள் இருந்தது அந்தப் பழைய வித்தைதான்.

1833ஆம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் ஐஸ் கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் ஆடினார்கள் என்றே சொல்லலாம். ஐஸுக்குச் சுங்க வரி வேண்டாம் என்று கம்பெனி அரசாங்கம் சலுகை தந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி ஐஸ் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள். ஏழை பயன்படுத்திய உப்புக்கு வரி உண்டு, துரை குடித்த பானத்தில் மிதந்த ஐஸுக்கு வரி இல்லை. இதை நாம் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

கல்கத்தாவை அடுத்து பம்பாய்க்கும் மதராசுக்கும் ஐஸ் வந்தது. மதராசில் 1842ஆம் ஆண்டில் கடற்கரை ஓரமாக ஒரு வட்ட வடிவக் கிடங்கு எழுந்தது. அப்போது மதராசில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அமெரிக்கக் குளத்தில் வெட்டிய கட்டி இப்படித்தான் திருவல்லிக்கேணிப் பக்கம் வந்து சேர்ந்தது. வணிகம் படுத்தபின் அந்தக் கட்டடத்தைப் பிலிகிரி அய்யங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கி வீடாக மாற்றினார். 1897ஆம் ஆண்டு மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது அங்கேதான். பின்னர் அதை அரசாங்கம் வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியும் அங்கே இருந்தது. 1963ஆம் ஆண்டில் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் அந்த வட்டாரத்தின் பெயர் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். நம்மில் யாராவது சென்னைக்குப் போனால் மெரினா கடற்கரைச் சாலையில் அந்த வட்டக் கட்டடத்தைக் காணலாம்.

நமது வட்டாரத்தையும் ஐஸ் கப்பல் எட்டிப் பார்த்தது. சிங்கப்பூரில் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகர் 1854ஆம் ஆண்டில் ஆற்றோரமாக ஐஸ் கிடங்கு ஒன்றைத் தொடங்கினார். வாங்க ஆள் போதாமல் சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது.

இனி வழக்கிற்கு வருவோம்.

ஐஸுக்கு விலை இல்லாத காலத்தில் அதற்குச் சொந்தக்காரரும் இல்லை. குளிர்காலத்தில் குளம் உறையும், வேண்டியவர்கள் கோடரியால் வெட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். 1820களில் நத்தேனியல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் ஒரு கருவியைச் செய்தார். ஏர் உழுவதைப் போலவே அது உறைந்த குளத்தின் மீது நேர்க்கோடு போட்டுக்கொண்டே போகும். குறுக்கிலும் நெடுக்கிலும் உழுதால் சதுரக் கட்டங்கள் கிடைக்கும். பிறகு ரம்பத்தால் அறுத்து, கம்பால் நெம்பி, நீரில் மிதக்கவிட்டுக் கரைக்குத் தள்ளுவார்கள். எல்லாக் கட்டியும் ஒரே அளவு என்பதால் இடைவெளி இன்றி அடுக்கலாம். அதனால் உருகுவதும் குறைவு. கப்பலில் ஏற்றத் தகுந்த சரக்கு இப்படித்தான் உருவாயிற்று.

உழத் தொடங்கியதும் வரப்புச் சண்டை வந்துவிட்டது! கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகில் பிரெஷ் பாண்ட் என்று ஒரு குளம். டியூடருக்கும் அதன் கரையில் நிலம் இருந்தது, வயத்துக்கும் இருந்தது, வேறு சிலருக்கும் இருந்தது. யாருடைய எல்லை எங்கே முடிகிறது? நிலத்தில் வேலி போடலாம், நீரில் எப்படிப் போடுவது? கோடையில் இந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை; தையில் அது பணம். கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ஒருவர் சைமன் கிரீன்லீஃப், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர். 1841ஆம் ஆண்டில் அவர்கள் குளத்தின் வரைபடத்தில் கோடு கிழித்துப் பங்கு பிரித்தார்கள். யாருக்குக் கரை எவ்வளவு நீளமோ, அந்த விகிதத்தில் ஐஸ் பரப்பும் அவருக்கு.

நியாயமான பங்கீடுதான். கரை வைத்திருந்தவர்களுக்குள் நியாயம். கரை இல்லாதவர்கள்? அந்தக் குளங்களில் வெட்டுவேலை செய்தவர்களில் பெரும் பங்கினர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். 1845க்குப் பிறகு அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கப்பல் கப்பலாக மக்கள் வெளியேறினார்கள். பனியில் கால் மரத்துப்போக அறுத்த கட்டியில் அவர்களுக்குக் கூலி உண்டு, பங்கு கிடையாது. அதே பத்தாண்டுகளில்தான் நம் முன்னோர்களில் சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு எதிரே உள்ள செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மதராசுக் கரையில் ஐஸ் இறங்கிற்று. தெற்கே நாகைக் கரையில் ஆட்கள் ஏறினார்கள்.

ஐஸ் வெட்டுவதைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்தவர்களில் தோரோ என்ற அமெரிக்க அறிஞர் புகழ் பெற்றவர். காந்தியடிகள் படித்துப் போற்றிய அதே தோரோதான். 1846ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அவர் வால்டன் குளக்கரையில் ஒரு குடிசையில் தனியே வாழ்ந்துகொண்டிருந்தார். நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து அந்தக் குளத்தின் ஐஸை அறுத்து மலை போலக் குவித்தார்கள். வைக்கோலும் பலகையும் போட்டு மூடிய அந்தக் குவியலில் பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லை. 1848 செப்டம்பர் வரை உருகி உருகி மறுபடி குளத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததாம். பகவத் கீதையைப் படித்து வந்த தோரோ, தம் குளத்து நீரை மதராசிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடிக்கிறார்கள் என்று நினைத்து வியந்திருக்கிறார்.

மாசசூசெட்ஸில் இன்னொரு பழைய சட்டமும் இருந்தது. 1640களில் அந்தக் குடியேற்ற நாட்டின் மன்றம், பத்து ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளங்கள் தனி ஒருவருக்குச் சொந்தமல்ல, மீன் பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் எல்லாருக்கும் பொது என்று விதித்திருந்தது. இவை பெருங்குளங்கள் எனப்பட்டன. இரு நூற்றாண்டுகள் கழித்து ஐஸ் வணிகம் வந்தபோது, மீனுக்குச் சொன்னது ஐஸுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. மேற்கு ராக்ஸ்பரி ஊரார் தொடுத்த வழக்கில் 1863ஆம் ஆண்டு மாநில உயர்நீதிமன்றம் பொருந்தும் என்றது. மீன் பிடிப்பது, படகு ஓட்டுவது, குளிப்பது, ஐஸ் வெட்டுவது, எல்லாம் எல்லாருக்கும் உரியவை. ஆனால் ஒரு நிபந்தனை. பிறர் நிலத்தில் அத்துமீறிக் கால் வைக்காமல் குளத்தை அடைய முடிந்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை.

நேயர்களே, இந்த நிபந்தனையைக் கவனியுங்கள். குளம் பொது; பாதை தனியார். பாதை இல்லாதவனுக்குக் குளம் பொதுவாக இருந்து என்ன பயன்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது நமக்குப் பழக்கப்பட்ட கேள்வி.

குளம் இப்படி என்றால், ஓடை வேறு கதை. ஐஸ் விலை ஏற ஏற, இயற்கைக் குளம் இல்லாத ஊர்களில் சிறு ஓடைகளை மறித்து ஐஸ் குளம் உண்டாக்கத் தொடங்கினார்கள். கார்காலம் முடிந்ததும் அணையை அடைப்பது, நீர் தேங்கி உறைவது, அறுப்பது, வசந்தத்தில் திறந்துவிடுவது. கேட்க எளிது. ஆனால் ஓடை ஒருவர் நிலத்தில் பிறந்து அவர் நிலத்திலேயே முடிவதில்லையே. அணைக்கு மேலே நீர் ஏறி அயலார் நிலத்தை மூழ்கடிக்கும். அணைக்குக் கீழே ஓடை வறண்டு அயலாரின் ஆலைச் சக்கரம் நிற்கும்.

இதற்குச் சட்டத்தில் இரண்டு அடிப்படைகள் இருந்தன. முதலாவது, 1827ஆம் ஆண்டு ரோட் தீவு மாநிலத்து ஆற்று வழக்கொன்றில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி எடுத்துரைத்த கொள்கை. கரைக்காரர் எவரும் ஓடும் நீரைத் தமக்கே சொந்தம் என்று கொண்டாட முடியாது. ஓடும்போது பயன்படுத்திக்கொள்ளலாம்; அந்தப் பயன் நியாயமானதாக, மற்றக் கரைக்காரர்களுக்குக் கேடு செய்யாததாக இருக்க வேண்டும். எனவே ஐஸுக்காக நீரைத் தேக்குவது குற்றமல்ல. எவ்வளவு, எத்தனை நாள், கீழே உள்ளவனுக்கு என்ன ஆயிற்று என்பதே கேள்வி.

இரண்டாவது, ஆலைச் சட்டம். மாசசூசெட்ஸில் இது 1714ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மாவு ஆலை கட்டியவர் அணை போட்டு அயலார் நிலத்தை மூழ்கடிக்கலாம். நிலத்துக்காரர் அணையை உடைக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் நட்டஈடு பெறுவார். ஊருக்கு மாவு வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அது. ஐஸ் வணிகம் வந்ததும் ஆலைக்காரர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். சக்கரம் சுற்றத் தேக்கிய நீரே குளிர்காலத்தில் உறைந்து காசாக நிற்கிறதே! நாம் கட்டிய அணை, நாம் தேக்கிய நீர், ஐஸும் நமக்கே என்றார்கள். மூழ்கிய நிலத்துக்காரரோ, அடியில் கிடப்பது என் மண், அதன்மேல் நிற்பதும் என்னுடையதே என்றார்.

பல மாநில நீதிமன்றங்கள் நிலத்துக்காரர் பக்கமே நின்றன. மூழ்கடிக்கும் உரிமை வேறு, ஐஸை எடுக்கும் உரிமை வேறு. நீரைத் தேக்கிவைக்க மட்டும் உரிமை பெற்றவருக்கு அந்த நீரின்மேல் உறைந்தது சொந்தமாகாது. மண்ணுக்குரியவர் அதை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆலைக்கு வேண்டிய நீர் குறையும்படி வெட்டக்கூடாது. ஆலைக்காரரும் தம் வேலைக்கு நீரைத் திறந்துவிடலாம். நீர்மட்டம் இறங்கி ஐஸ் உடைந்தால் அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இருவரும் ஒரே நீரில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாழ வேண்டியதாயிற்று. நமக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ஒரு தேவைக்காகக் கொடுத்த அனுமதியை வேறொரு இலாபத்துக்கு நீட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது.

இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு அருகே காலுமெட் ஆற்றில், ஒருவரது நிலத்துக்கு முன்னால் இருந்த ஐஸை வாஷிங்டன் ஐஸ் கம்பெனி வெட்டி எடுத்தது. படகு செல்லும் ஆறுதானே, பொது என்று அது வாதாடிற்று. 1880களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பு, படகு செல்ல மட்டுமே பொது. ஆற்றின் நடுக்கோடு வரை மண் கரைக்காரருடையது, ஐஸும் அவருடையது என்றது.

விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே ஏரிகள் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. 1901ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஐஸ் வெட்டுபவர்கள் உரிமம் பெற்று, டன்னுக்குப் பத்துக் காசு கட்ட வேண்டும். ரோஸ்மில்லர் என்பவர் உரிமம் இல்லாமல் வெட்டினார், வழக்கு வந்தது. 1902ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று தள்ளிவிட்டது. அரசாங்கம் ஏரிக்கு முதலாளி அல்ல, மக்களுக்காகக் காத்து வைத்திருக்கும் அறங்காவலர் மட்டுமே. கோயில் தர்மகர்த்தா கோயில் நகையை விற்கமுடியாதது போல, அரசாங்கம் அந்த ஐஸை விற்றுக் காசாக்க முடியாது. ஒழுங்குபடுத்தலாம், விற்கக்கூடாது. கோயில் உவமை நாம் சொன்னது, கருத்து நீதிமன்றத்தினுடையது.

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே இயற்கை ஐஸின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மதராசில் 1874ஆம் ஆண்டிலும் கல்கத்தாவில் 1878ஆம் ஆண்டிலும் நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கம்பெனிகள் தோன்றின. பாஸ்டன் கப்பல்கள் நின்றன.

ஐஸ் போனாலும் நீர்ச் சட்டம் போகவில்லை. 1882ஆம் ஆண்டில் இந்தியாவில் வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அது முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் மதராஸ் மாகாணமும் ஒன்று. இயற்கை ஓடைக் கரையில் நிலம் உள்ளவருக்கு, அந்த ஓடை தடையின்றி, அளவிலும் திசையிலும் வேகத்திலும் வெப்பநிலையிலும் பெரிதாக மாறாமல் வந்து சேரும் உரிமை உண்டு என்று அது சொல்லிற்று. வெப்பநிலை என்ற சொல்லைப் பாருங்கள்! ஐஸ் உறையாத மதராசுக்கும் அது எழுதப்பட்டிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 1892இல், மைசூரும் மதராசும் காவிரி நீரைப் பற்றி உடன்பாடு செய்துகொண்டன. மதராசின் சம்மதம் இன்றி மேலே மைசூர் சில ஆறுகளில் புதிய தேக்கங்கள் கட்டக்கூடாது என்பதே அதன் சாரம். மேலூரான் மறித்தால் கீழூரான் வயல் காயும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது நமது நெகிரி செம்பிலானுக்கு வருவோம். ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே அணை உண்டு. கோலப்பிலா, ரெம்பாவ் பள்ளத்தாக்குகளில் மலாய்க் கிராமத்தார் மரமும் மூங்கிலும் கொண்டு சிற்றாறுகளை மறித்து, நீர்ச்சக்கரம் வைத்து நெல் வயலுக்கு நீர் ஏற்றினார்கள். ஊர் கூடிக் கட்டிய அணைகள் அவை. பிறகு சுங்கை ஊஜோங்கில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. சுரங்க மண் கரைந்து லிங்கி ஆற்றில் படிந்தது. ஒரு காலத்தில் ஈயப் படகுகள் நெரிசலாகப் போன ஆறு மெல்ல மெல்லத் தூர்ந்து போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் வந்தன. பாலை நீர் கலந்து இளக்கவும், உறைந்த பாலைக் கழுவி உருளையில் அழுத்தவும், ரப்பர் ஆலைக்கு நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். பல தோட்டங்களில் ஆலை ஓடையருகே நிற்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் தோட்டத்திலும் அப்படியே. ஆலைக்கு மேற்பக்கம் சிமெண்டால் ஒரு சிறு தடுப்பு. பலகை போட்டு அடைத்தால் மேலே குளம்போல் நிற்கும். லயம் கீழ்ப்பக்கம். குழாயில் நீர் வருவது நேரத்துக்கு நேரம்தான். துணி துவைப்பதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் ஓடையில். மழை பெய்யாத மாதங்களில் பலகை விழுந்ததென்றால் ஓடை பூனை தாண்டும் அகலத்துக்குச் சுருங்கிவிடும். வருகிற நீரிலும் புளித்த பால் நாற்றம். பெண்கள் வாளியோடு அரை மைல் நடப்பார்கள். ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, இடுப்பில் வாளியை வைத்துக்கொண்டு, ஆலைப் பக்கமாய்த் திரும்பி நின்று உரக்கக் கேட்டார்: "மரம் தொரையோடது, ஒத்துக்கறேன். லயம் தொரையோடது, அதையும் ஒத்துக்கறேன். ஓடுற தண்ணியும் தொரையோடதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. தண்டல் சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்கும் பதில் தெரியாது. கரையெல்லாம் தோட்டத்தின் நிலம், ஆகவே ஓடையும் தோட்டத்தினுடையது என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். பிரெஷ் பாண்ட் கணக்குத்தான்: கரை யாருக்கோ, நீர் அவருக்கு.

ஆனால் நெகிரி செம்பிலானில் சட்டம் அப்படி இல்லை. 1920ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் உட்பட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் நீர்ச் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. பிற்காலத்தில் 418ஆம் எண் சட்டமாகத் திருத்தி அச்சிடப்பட்டு இன்றும் வழக்கில் இருப்பது அதுவே. மாநிலத்தில் உள்ள ஆறுகளின் முழு உடைமையும் கட்டுப்பாடும் அம்மாநில ஆட்சியாளரிடமே இருக்கும் என்று அது விதிக்கிறது. ஆட்சியாளர் வெளிப்படையாக எழுதிக் கொடுத்த மானியம் இருந்தால் மட்டுமே விலக்கு. ஆறு என்றால் பெரிய ஆறு மட்டுமல்ல. கிளையாறும் ஓடையும் இயற்கை நீரோட்டமும் ஆறுதான். உரிமம் இன்றி அதன் நீரை எவரும் திருப்பக்கூடாது. இரண்டு கரையும் சொந்தமாக இருந்தாலும் உரிமம் வேண்டும். பாஸ்டனில் கரைக்காரருக்குக் கிடைத்த உரிமை சிரம்பானில் கரைக்காரருக்கு இல்லை. சொந்தமல்ல, அனுமதி மட்டுமே. அனுமதிக்கு நிபந்தனையும் உண்டு.

ஆட்சியாளரிடம் இருக்கும் உடைமை விஸ்கான்சின் நீதிமன்றம் சொன்ன அறங்காவல்தானா என்று கேட்டால், 1920ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அது உடைமை என்றே சொல்கிறது. இந்த வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. காலனி அரசாங்கம் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளவே அதை எழுதிற்று. லயத்துப் பெண்களின் வாளியை நினைத்து எழுதவில்லை. வாளியை நினைத்த சட்டங்கள் பிறகே வந்தன. ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கு 1978ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வந்தன. தோட்ட முதலாளி தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு வீடமைப்பு, வசதிகள் குறைந்த அளவுத் தரச் சட்டத்தில் உறுதியாயிற்று. அதற்கு முன் 1966ஆம் ஆண்டிலும் ஒரு வீடமைப்புச் சட்டம் இருந்தது. ஆனாலும் 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் செய்திருந்தது. தடுப்பில் பலகை போடுபவரிடம், உரிமம் எங்கே என்று கேட்க இடம் வைத்திருந்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தெரியாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோதுதான், நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், இந்தச் சட்டத்தைப் படித்தோம். அந்த விடுமுறையில் தோட்டத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டியைப் பார்க்கப் போனோம். அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பாட்டி, நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்குப் பதில் கெடைச்சிருச்சு. ஓடை தொரையோடது இல்ல. சட்டப்படி அது நம்ம மாநிலத்து ராஜாவோடது. யாங் டி பெர்த்துவான் புசாரோடது. அவரு ஆளுங்க எழுதிக் குடுத்தாத்தான் தொரையே தண்ணிய எடுக்கலாம்" என்றோம்.

பாட்டி கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார்.

"அப்படியா தம்பி? அது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.